எந்த ரிமோட் பெஸ்ட்? கேள்வியே தப்பு!

படப்பையில் ஒருவர் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனால் முதலில் என்ன கேட்பார்? "ஸ்பேர் கிடைக்குமா? பக்கத்துல மெக்கானிக் இருக்காரா?" ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ராத்திரியில் வண்டி நின்றுவிட்டால் என்ன கதி என்று அவருக்குத் தெரியும். அதே ஆள் மாடல் விமானம் பறக்கவிட ஆசைப்பட்டால் மட்டும், "எந்த டிரான்ஸ்மிட்டர் பிராண்ட் பெஸ்ட்?" என்று கேட்கிறார்.

டிரான்ஸ்மிட்டர் தனியாக வேலை செய்யும் சாமான் இல்லை. விமானத்துக்குள் அதற்கு ஜோடியாக ஒரு ரிசீவர் வேண்டும். ஃபுடாபா, ஸ்பெக்ட்ரம், ஃப்ளைஸ்கை எல்லாமே இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் (இந்தியாவில் 2005ல் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆக்கினார்கள்). ஆனால் அலைவரிசை ஒன்று, பாஷை வேறு. ஸ்பெக்ட்ரம் சொல்வது ஃப்ளைஸ்கை ரிசீவருக்குப் புரியாது. ஃபுடாபாவிலேயே இரண்டு மூன்று பாஷை உண்டு!

காமர்ஸ் மாணவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பிரிண்டரும் இங்க்கும் மாதிரி. டிரான்ஸ்மிட்டர் ஒரு தடவை வாங்குவது. ரிசீவர் ஒவ்வொரு விமானத்துக்கும் வாங்குவது. நாலு விமானம் சேர்ந்த பிறகு பிராண்ட் மாற்றினால் நாலு ரிசீவரும் போச்சு. ஆகவே டிரான்ஸ்மிட்டர் விலையை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. அந்த பிராண்டின் ரிசீவர் என்ன விலை, சென்னையில் கிடைக்கிறதா என்பது மீதிக் கணக்கு.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. விமானம் விழுவது! புதிதாகப் பழகுபவரின் விமானம் பெரும்பாலும் ரேடியோ கோளாறால் விழுவதில்லை, கை தப்பால்தான் விழுகிறது. அதற்கு மருந்து, பக்கத்தில் நிற்கும் அனுபவசாலி. இரண்டு டிரான்ஸ்மிட்டரையும் டிரெயினர் முறையில் இணைத்தால், விமானம் தலைகுப்புறப் போகும் நேரத்தில் அவர் ஒரு ஸ்விட்சில் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்வார். இரண்டும் ஒரே பிராண்டாக இருந்தால் இந்த இணைப்பு சுலபம். மோடும் ஒன்றாக இருக்க வேண்டும். மோடு 2ல் த்ராட்டில் இடது கையில், மோடு 1ல் வலது கையில். கற்றுக்கொடுப்பவர் ஒரு மோடு, கற்பவர் வேறு மோடு என்றால் சொல்லித் தருவதே சிரமம்.

"காஸ்ட்லி பிராண்ட்தானே பத்திரம்?" என்பார்கள். ஓரளவு உண்மை. ஸ்டிக், ஸ்விட்ச் எல்லாம் நன்றாக உழைக்கும். ஆனால் பெயரை நம்பி வாழ்நாள் முழுக்க இருக்கலாம் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஜப்பானின் ஜே.ஆர். ஒரு காலத்தில் ஃபுடாபாவுக்குச் சமமான பெயர். அதைத் தயாரித்த கம்பெனியே 2010களில் மூடப்பட்டது.

ரேடியோமாஸ்டர் மாதிரி பல பாஷை பேசும் டிரான்ஸ்மிட்டர்கள் இப்போது இருக்கின்றனவே என்று கேட்கலாம். நல்ல விஷயம்தான், பிராண்ட் சிறையிலிருந்து விடுதலை. ஆனால் மெனு அதிகம். செட்டிங் சொல்லித்தர ஆளில்லாமல் முதல் ரேடியோவாக வாங்கினால் மைதானத்தில் பறப்பதை விட ஸ்கிரீனை நோண்டுவதுதான் அதிகமாக இருக்கும் :-)

எந்த பிராண்ட் ஆனாலும் ஒன்றை மட்டும் விடக்கூடாது. சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைக்க வேண்டும். சில ரேடியோக்களில் அதை வாங்கியவரேதான் செட் செய்ய வேண்டும். வண்டலூர்-வாலாஜாபாத் ரோட்டில் கம்பெனி பஸ்ஸும் பைக்கும் ஓயாமல் போகின்றன. ஒரு கிலோ விமானம் முழு வேகத்தில் ஒரு பைக்காரர் மேல் விழுந்தால், அவர் வந்து என்ன பிராண்ட் என்றா கேட்பார்?

ஆகவே காசை எடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பறக்கவிடும் இடத்துக்குப் போய், பொறுமையாகச் சொல்லித்தரும் ஆள் யார் என்று பாருங்கள். அவர் கையில் இருப்பதுதான் உங்களுக்கு பெஸ்ட் பிராண்ட்.