அடுப்படி சமன்செய்த கணக்கு

2023இல் இலங்கையின் சென்மதி நிலுவையில் நடைமுறைக் கணக்கு மிகையைக் காட்டியது. 1977க்குப் பின் இதுவே முதல் முறை. கொண்டாடுமுன் ஒன்றைக் கவனிப்போம். அவ்வாண்டு நமது பொருள் ஏற்றுமதி கூடவில்லை. முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. சுற்றுலா மீண்டது. வெளிநாடுகளில் உழைப்போர் ஏறத்தாழ 600 கோடி டொலர் அனுப்பினர். மறுபுறம், 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பால்மாவும் எரிவாயுவும் எட்டாப் பொருளாயின, இறக்குமதி சுருங்கியது.

ஆகவே அந்த மிகையில் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் தாயின் வியர்வையும் உண்டு. இங்கே பிள்ளைக்குப் பிளேன்டீ ஊற்றிய தாயின் பொறுமையும் உண்டு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓரிரு வருடம் சமாளிக்கலாம், எந்நாளும் முடியாது. இறக்குமதித் தடைகள் இப்போது தளர்ந்துவிட்டன. ஏற்றுமதி உயராவிட்டால் பற்றாக்குறை திரும்பும். சுமையும் மீண்டும் அடுப்படிக்கே வரும்.