மொழியியல் படித்து என்ன செய்வது?

என் மூத்த சகோதரியை நான் "தாத்தா" என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்குத் தாத்தா என்றால் தகப்பன். அதே ஒழுங்கையிலுள்ள தமிழ்க் குடும்பத்தில் தாத்தா என்றால் பாட்டனார். கண்டியில் ஒரே ஒழுங்கையில் ஒரு சொல்லுக்கு மூன்று உறவுகள்!

சிறுவயதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. உயர்தரத்தில் கலைப்பிரிவில் சேர்ந்த பிறகுதான், இதையெல்லாம் ஆராயும் மொழியியல் என்ற பாடம் இருப்பதை அறிந்தேன். அதைப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புவதாகச் சொன்னபோது வாப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "அதப் படிச்சி என்ன மகள் செய்யப் போற?"

நியாயமான கேள்வி. பட்டம் பெற்றும் வேலைக்காகக் காத்திருப்போரை வாப்பா கண்டிருக்கிறார். ஆகவே சரியான பதில் சொல்வது என் கடமை.

மொழியியல் என்பது பல மொழிகளைப் பேசப் பழகுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒலி, சொல், வாக்கியம், பொருள் ஆகியவை எவ்வாறு இயங்குகின்றன என்று ஆராயும் அறிவியல். "இருக்கிறது" என்பதை வீட்டில் நாங்கள் "ஈக்கிது" என்போம். பேச்சுப் போட்டியொன்றுக்குச் சென்ற இடத்தில் இதைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். நான் அன்று முழுவதும் வாய் திறக்கவில்லை. மொழியியல் இதைப் பிழை என்று தள்ளுவதில்லை. இடையிலுள்ள ரகர ஒலி மறைய, முன்னுள்ள இகரம் ஈகாரமாக நீண்டிருக்கிறது என்று காரணம் காட்டுகிறது. மேடைக்குரிய தமிழை நான் பழகத்தான் வேண்டும். அதற்காக உம்மாவின் பேச்சை நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை.

இத்துறையில் நமக்கு முன்மாதிரி இல்லாமலில்லை. கல்முனையில் பிறந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான் பாடசாலை ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். யாழ்ப்பாணத்திலும், நமக்கு அருகிலுள்ள பேராதனையிலும் கற்பித்தார். அவருடைய "அடிப்படைத் தமிழ் இலக்கணம்" 1999இல் வெளிவந்தது. இன்று களனிப் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

இனி தொழிலுக்கு வருவோம். கடந்த வருடம் உம்மும்மாவை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றேன். அவர் "நெஞ்செரியுது" என்றார். நான் அவசரத்தில் நெஞ்சு வலிப்பதாகச் சிங்களத்தில் சொல்லிவிட்டேன். உடனே ஈசிஜி எடுத்தார்கள். உம்மும்மா பயந்து போனார். கடைசியில் அது வெறும் நெஞ்செரிவுதான். இரண்டு மொழி பேசத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதை அன்று உணர்ந்தேன். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. அந்த உரிமை காரியாலயக் கருமபீடம் வரை வந்து சேர, பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்களும் உரைபெயர்ப்பாளர்களும் வேண்டும்.

அகராதித் தொகுப்பு, பாடநூலாக்கம், ஆசிரியத் தொழில், கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் ஆய்வு ஆகியவற்றுக்கும் மொழியியல் அடிப்படையாகிறது. பேச்சு வராத பிள்ளைகளுக்கு உதவும் பேச்சுச் சிகிச்சையிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் அது வேறு பட்டப்படிப்பு. அதற்குத் தேவையான பாடங்களைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பட்டம் கிடைத்தவுடன் வேலை வீடு தேடி வரும் என்று நான் சொல்லவில்லை. சிங்களம், ஆங்கிலம், கணினி அறிவு மூன்றையும் கூடவே வளர்த்துக்கொள்ள வேண்டும். கண்டியில் வளரும் நமக்கு முதலாவது ஏற்கெனவே பாதி கைவந்திருக்கிறது.

வாப்பா இன்னும் முழுமையாகச் சம்மதிக்கவில்லை. "ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்" என்கிறார். இன்ஷா அல்லாஹ், நல்ல பெறுபேற்றுடன் மீண்டும் கேட்பேன். பெற்றோரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். "என்ன செய்யப் போகிறாய்?" என்று தாராளமாகக் கேளுங்கள். பதிலை நாங்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.