காளானுக்கு வைக்கோல் மட்டும்தானா?

சம்பா அறுவடை முடிந்த கையோடு டெல்டா மாவட்டச் சாலைகளில் வைக்கோல் லாரிகள் ஓடத் தொடங்கிவிடும். வயலிலேயே இயந்திரம் சுருட்டிக் கட்டிய கட்டுகள் மேற்கு மாவட்டப் பால்பண்ணைகளுக்கும் எல்லை தாண்டிக் கேரளத்துக்கும் போகின்றன. அதே கட்டை எதிர்பார்த்திருக்கும் இன்னொருவர், சிப்பிக் காளான் வளர்ப்பவர். கோடையில் தீவனம் தட்டுப்பட்டு வைக்கோல் விலை ஏறும்போது முதல் அடி அவருக்குத்தான் விழுகிறது. கறவை மாடு வைத்திருப்பவர் என்ன விலையானாலும் வாங்கியாக வேண்டும். காளான் குடில் வைத்திருப்பவரோ படுக்கைகளைக் குறைக்கிறார். அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் குடிலையே பூட்டிவிடுகிறார்.

மாட்டோடு காளான் மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. சிப்பிக் காளான் வைக்கோலில் மட்டும் வளர்வதல்ல. மக்காச்சோளத் தட்டை, கரும்புத் தோகை, நிலக்கடலைத் தோல், வாழைச் சருகு, பருத்தி மார், மரத்தூள் என்று அது ஏற்காத தாவரக் கழிவுகளே குறைவு. இருந்தும் இங்கே நடக்கும் பயிற்சிகளும் அவற்றில் கொடுக்கப்படும் கையேடுகளும் பெரும்பாலும் வைக்கோலில் தொடங்கி வைக்கோலிலேயே முடிந்துவிடுகின்றன. அந்தந்த மாவட்டத்தில் எந்தக் கழிவு மலிந்து கிடக்கிறதோ அதற்கேற்ற வளர்ப்பு முறையை உருவாக்கி விவசாயியிடம் சேர்ப்பதை, காளான் துறை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

வைக்கோல் எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்று பார்த்தால், பயிற்சிகள் ஏன் அதிலேயே நின்றுவிட்டன என்பது புரியும். 1943இல் கோவை வேளாண் கல்லூரியில் கே. எம். தாமஸும் அவருடைய குழுவினரும் வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டினார்கள். இந்தியாவில் காளான் சாகுபடியின் தொடக்கப் பக்கங்களில் அந்த முயற்சிக்கு இடம் உண்டு. 1962இல் மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் பானோவும் ஸ்ரீவஸ்தவாவும் சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்த்தார்கள். அன்றைக்கு வைக்கோல் எங்கும் கிடைத்தது. கையால் அறுத்து, கையால் அடித்ததால் தாளும் நசுங்காமல் முழுசாக இருந்தது. கைக்கு எட்டியதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரி. இன்று அறுவடை இயந்திரம் தாளை மென்று துப்புகிறது, விலையைத் தீவனச் சந்தை தீர்மானிக்கிறது. வைக்கோல் காளானுக்குப் பேர்போன ஒடிசாவில் கட்டுக்கட்டாக அடுக்கிப் படுக்கை போட, கையால் அடித்த வைக்கோலைத்தான் வளர்ப்பவர்கள் தேடுகிறார்கள். இயந்திரம் பரவப் பரவ அது அரிதாகிக்கொண்டு போகிறது.

காளானுக்குப் பச்சையம் கிடையாது. தன் உணவைத் தானே தயாரிக்க முடியாமல், செடி கட்டிவைத்துவிட்டுப் போனதை உடைத்துத் தின்கிறது. செடியின் உடம்பில் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், இரண்டையும் இறுகப் பிணைத்திருக்கும் லிக்னின் என மூன்று முக்கியப் பொருள்கள் உண்டு. சிப்பிக் காளானின் பூசண இழை லிக்னினையே அரிக்கும் நொதிகளைச் சுரப்பதால் மரத்தூளிலும் அது தங்கிவிடுகிறது. வைக்கோல் காளானுக்கு அந்தத் திறன் குறைவு. செல்லுலோஸ் மிகுந்த, இளகிய பொருளில்தான் அது செழிக்கும். மொட்டுக் காளானோ பக்குவமாக மக்கிய எருவைத்தான் ஏற்கும், கூடவே ஊட்டிக் குளிரும் கேட்கும். எந்தக் காளானுக்கு எந்தக் கழிவு என்பதை இந்தப் பசிதான் முடிவு செய்கிறது.

பஞ்சு இதற்கு நல்ல சாட்சி. 1970களின் தொடக்கத்தில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் சாங் ஷூ-டிங், வைக்கோல் காளானைப் பஞ்சாலைக் கழிவில் வளர்த்துப் பார்த்தார். நூறு கிலோ உலர்ந்த வைக்கோலில் பத்து, பதினைந்து கிலோ காளான் எடுப்பதே பெரிய காரியமாக இருந்த நிலை மாறி, பஞ்சுக் கழிவில் விளைச்சல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பஞ்சு ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ் என்பதுதான் காரணம். வைக்கோல் காளானை வளர்த்துக் காட்டிய கோவை, தென்னிந்தியாவின் பஞ்சாலை நகரமும்கூட. நூற்பாலைக் கழிவில் நல்ல பகுதி மறுநூற்புக்குப் போய்விடுகிறது என்றாலும், நூற்க உதவாத தூசியும் துகளும் மிஞ்சத்தான் செய்கின்றன. அவற்றுக்கான வளர்ப்பு முறை அந்த வட்டாரத்தின் ஒவ்வொரு காளான் விவசாயிக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று.

இதைவிடப் பெரிய பாடம் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் நடந்தது. ஷிட்டாக்கே போன்ற காளான்களை அங்கே காலங்காலமாக மரக்கட்டையிலும் பிறகு மரத்தூளிலும் வளர்த்தார்கள். காளான் வியாபாரம் பெருக, காடு சுருங்கியது. மலைச்சரிவுகளில் மண் அரித்தது. லின் ஜான்ஷி என்ற அறிவியலாளர், மரம் தரும் சத்தை அந்தச் சரிவுகளில் தானாக முளைக்கும் பெரணியும் காட்டுப் புல்லும் தருமா என்று சோதித்து, 1986இல் வெற்றி கண்டார். ‘ஜூன்சாவ்’ என்று அறியப்படும் அந்த முறை பப்புவா நியூ கினி, ஃபிஜி, ருவாண்டா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கிறது. அவர்கள் நடும் ராட்சதப் புல்லை அப்படியே இங்கே கொண்டுவந்து நடுவதில் பயனில்லை. அதன் உறவுக்காரப் புல்லான கம்பு நேப்பியர் இங்கே மாட்டுக்குத் தீவனம். சண்டை வைக்கோலை விட்டுப் புல்லுக்கு மாறும், அவ்வளவுதான். லின் கேட்ட கேள்வியைத்தான் இங்கே கொண்டுவர வேண்டும்: காளானின் தேவையும் மற்றொன்றின் தேவையும் மோதும்போது, யாருக்கும் வேண்டாத எது பக்கத்தில் கிடக்கிறது?

பெரம்பலூரிலும் அரியலூரிலும் அந்தக் கேள்விக்கான பதில் மக்காச்சோளம். மணியை உதிர்த்த பிறகு கதிரின் நடுத்தக்கை களத்து மேட்டில் குவிகிறது. அதன் பெரும்பகுதி எரிபொருளாகவே போய்விடுகிறது. சீனாவில் சிப்பிக் காளான் வளர்க்கப் பயன்படும் முக்கியமான பொருள்களில் இந்தத் தக்கையும் ஒன்று. ஆனால் வைக்கோலைக் கையாளும் பழக்கத்தில் இதைத் தொட்டால் கை சுடும். முழுத் தக்கையின் வெளிப்புறம் நனைந்தாலும் உட்புறம் உலர்ந்தே கிடக்கும். நீராவியின் சூடும் அந்த உலர்ந்த நடுவில் சரியாக இறங்காது. அங்கே ஒளிந்திருக்கும் பச்சைப் பூஞ்சை ஒரே வாரத்தில் பையைப் பிடித்துக்கொள்ளும். புளியங்கொட்டை அளவுக்கு உடைத்து, இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு துண்டைப் பிளந்து நடுவிலும் ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வேக வைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் உடைந்த மணிகளையும் சலித்து எடுத்துவிட வேண்டும், அந்த மாவுச்சத்துதான் பூஞ்சைக்கு விருந்து. வெந்ததை ஆறவைத்துக் கையில் அள்ளி இறுகப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். வைக்கோலுக்கும் இதே பதம்தான்.

தென்னை நார்க் கழிவின் கதை வேறு. பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளுக்கு அருகே மலைபோலக் கிடக்கும் இந்தத் தூளைப் பார்ப்பவருக்கு ‘இதில் வளர்த்தால் என்ன’ என்று தோன்றுவது இயல்பு. அதில் லிக்னின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கார்பனும் நைட்ரஜனும் 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கின்றன. தூள் நொய்யாக இருப்பதால் நனைந்ததும் களிபோல் இறுகி, இழைக்குக் காற்று கிடைக்காமல் போகும். தனியாகப் பையில் அடைத்துப் படுக்கை போட்டவர்கள் ஏமாந்துதான் போவார்கள். நிலக்கடலைத் தோல் போல இடைவெளி விடும் பொருளோடு ஓரளவு கலக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதே கழிவைச் சிப்பிக் காளான் வித்தும் டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் இட்டு மக்கவைக்கும் முறையைப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கிறது. முடிவில் அந்த விகிதம் 24க்கு 1 என இறங்கிவிடுகிறது. அங்கே பூசணத்தின் வேலை காளான் தருவதல்ல, உரம் ஆக்குவது. அதுவும் நல்ல வேலைதான்.

தமிழ்நாட்டு வெயிலைத் தாங்குவதில் பால் காளானுக்கு ஈடில்லை. 1990களில் இதே பல்கலைக்கழகம் அதற்கான சாகுபடி முறையைப் பரவலாக்கியது. 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும் அது மொட்டு விடும். பறித்த பிறகு சிப்பிக் காளானைவிடக் கூடுதல் நாள் கெடாமல் இருக்கும். அதுவும் வைக்கோலோடு நின்றுவிடவில்லை. சோளத்தட்டை, கரும்புச் சக்கை, நிலக்கடலைக் கொடி, வெட்டிவேர்ப் புல் எல்லாவற்றிலும் வளரும். வெட்டிவேர் பயிராகும் கடலூர் பகுதியில், வேரை எடுத்த பிறகு மிஞ்சும் புல்லை இதற்குத் திருப்பலாம்.

இலங்கையில் சிப்பிக் காளான் என்றால் ரப்பர் மரத்தூள்தான். தவிடும் சுண்ணாம்புப் பொடியும் கலந்து, சிறு பைகளில் அடைத்து, வாயில் வளையமும் பஞ்சுமாகச் செருகி, பீப்பாயில் மணிக்கணக்கில் ஆவியில் வேக வைக்கிறார்கள். ரப்பர் விளையும் அந்தத் தீவில் அதுதான் கைக்கு எட்டியது. இங்கே ரப்பர் உள்ள கன்னியாகுமரி விவசாயி முறையைக் கற்றுக்கொள்ளத் தஞ்சாவூரைவிட இலங்கையைத்தான் பார்க்க வேண்டும்.

வைக்கோலில் ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை சிப்பிக் காளான் எடுக்கலாம், மற்றதில் அவ்வளவு வருமா என்ற தயக்கம் நியாயமானதே. சிலவற்றில் குறையும். ஆனால் விவசாயியின் பையில் மிஞ்சுவதைத் தீர்மானிப்பது விளைச்சல் விழுக்காடு மட்டுமல்ல. மூலப்பொருளின் விலையும் வண்டிச் செலவும்கூட. வீட்டு வாசலில் இலவசமாகக் கிடைப்பதில் கால் பங்கு குறைந்தாலும், வெளியூரிலிருந்து வாங்கிவந்த வைக்கோலை அது மிஞ்சக்கூடும். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் நட்டம் இன்னும் குறையும்.

எல்லாக் கழிவுக்கும் கதவைத் திறந்துவிடவும் கூடாது. காளான் தான் வளரும் பொருளிலிருந்து காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தனக்குள் சேர்த்துவைக்கும். ஆகாயத் தாமரையில் சிப்பிக் காளான் நன்றாகவே வளரும். ஆனால் சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கும் ஏரியில் எடுத்த ஆகாயத் தாமரை ஏற்கெனவே அந்த உலோகங்களைக் குடித்திருக்கும். அதில் வளர்ந்ததைப் பிள்ளைகளின் தட்டில் வைப்பது பாவம். பூச்சிமருந்து மிகுதியாகத் தெளித்த பருத்தி மாருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வைக்கோலை 100 லிட்டர் தண்ணீரில் 7.5 கிராம் கார்பென்டசிமும் 125 மில்லி ஃபார்மலினும் கலந்து ஊறவைக்கும் பழக்கமும் பரவலாக இருக்கிறது. இரண்டும் அடுக்களைக்குள் வரக் கூடாதவை. வெந்நீரும் ஆவியும் செய்யும் வேலைக்கு அவற்றை நாடத் தேவையில்லை, விறகுச் செலவு கொஞ்சம் கூடினாலும்.

வேளாண் அறிவியல் நிலையங்கள் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வட்டாரத்தின் இரண்டு மூன்று கழிவுகளை எடுத்து, எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எப்படி வேக வைப்பது, எந்த ரக வித்து, கிலோவுக்கு என்ன செலவு, எவ்வளவு விளைச்சல் என்று ஒரே தாளில் அச்சிட்டுத் தரட்டும். தோல்வியடைந்த சோதனைகளும் அதில் இடம்பெறட்டும். தென்னை நார்க் கழிவில் பணத்தைத் தொலைக்க இருப்பவருக்கு அந்த வரிதான் உதவும். காளானுக்கு மானியம் தரும் திட்டங்கள் உள்ளூர்க் கழிவைப் பயன்படுத்துபவருக்கு முன்னுரிமை தர வேண்டும். கனஉலோகச் சோதனைக்கான செலவை அரசே ஏற்க வேண்டும், சிறு விவசாயியால் அது முடியாது. தை, மாசியில் மானாவாரி மக்காச்சோளம் களத்துக்கு வரும். பெரம்பலூர் விவசாயிக்கான தாள் அதற்கு முன்பே தயாராகிவிட வேண்டும்.