மின்சாரம் பிறக்கும் மலையில் மேற்படிப்புக்கு வழி இல்லையா?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி நீலகிரியில் மஞ்சூர் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். மின்கடத்தல், மின்விநியோகம் பற்றி மேலே படிக்க ஆசைப்பட்டு, சமவெளியில் ஒரு கல்லூரியில் பகுதிநேர எம்.இ. சேர்ந்தார். மஞ்சூரிலிருந்து காரமடைக்கு இறங்கும் சாலையில் 43 கொண்டை ஊசி வளைவுகள். மாலை வகுப்பு முடிந்து ஏறினால் வழியில் யானை மறிக்கும். ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதையே அடைபடும். இரண்டாம் செமஸ்டரில் நிறுத்திவிட்டார். "பாடம் கஷ்டமில்லண்ணா, ரோடுதான்" என்றார்.

அவர் போய்வந்த அதே வழியில்தான் கெத்தை மின்நிலையம் இருக்கிறது. சற்று விலகினால் பரளி, பில்லூர். பைக்காராவில் 1932-ல் மின் உற்பத்தி தொடங்கியது. கோவையில் பஞ்சாலைகள் பெருகியதில் அந்த மின்சாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இப்போது குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் எழுகிறது. தொண்ணூறு ஆண்டுகளாகக் கீழே மின்சாரம் அனுப்பும் மலையில், அதைக் கொண்டுபோகும் கம்பியைப் பற்றிப் படிக்க ஒருவர் மலையிறங்கியாக வேண்டும் என்பது நியாயமா?

மலையில் லைன் இழுப்பது தனிக் கலை. பள்ளத்தாக்கைத் தாண்டும் கம்பி நீளமாகத் தொங்கும். பாறையில் எர்த் சரியாகப் பிடிக்காது. காற்றில் ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் ஃபீடர் முழுக்க இருட்டு. சிதறிக் கிடக்கும் ஹட்டிகளுக்கு, அதாவது மலைக் கிராமங்களுக்கு, நீண்டு போகும் லைனின் கடைசி வீட்டில் வோல்டேஜ் இறங்கிப்போகும். தாழத் தொங்கும் கம்பியில் யானைகள் அடிபட்டுச் சாகின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதே, அப்படிப்பட்ட மழையைத் தாங்கும் லைனை எப்படி அமைப்பது? இங்கே வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் அன்றாடக் கேள்வி.

ஃபேக்டரிக்குள் போய்ப் பாருங்கள். சி.டி.சி. ரோலரில் அறுபட்ட இலை நிறம் மாறக் காத்திருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் டிரையர் ஓடாது. இலை நமக்காக நிற்காது. கறுத்து, மணம் போய், குன்னூர் ஏலத்தில் விலை விழும். பச்சை இலை போட்ட சிறு விவசாயியின் கையில்தான் கடைசியில் அந்த அடி விழுகிறது.

இதற்கெல்லாம் விடை தேடி மேலே படிக்க மலையிறங்குவானேன், இணையத்தில் படிக்கலாமே என்பார்கள். 2003-ல் தொடங்கிய என்பிடெல் பாடங்கள் அருமையானவை, இலவசமும்கூட. ஆனால் அதில் கிடைப்பது சான்றிதழ், பட்டம் இல்லை. யு.ஜி.சி.யின் 2020 விதிகள் பொறியியலைத் தொலைதூர, இணையவழிப் பட்டங்களிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் சில இணையவழி முதுநிலைப் படிப்புகளுக்குக் கட்டணம் லட்சங்களில். ஃபேக்டரி சம்பளத்தில் அது எட்டாது.

அஞ்சல்வழியில் முறையான அனுமதியின்றிக் கொடுத்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017-ல் ஏற்க மறுத்தது. அது சரியான தீர்ப்பு என்பதே என் கருத்து. ஆய்வகத்தைத் தொடாமல் மின்பொறியாளர் ஆனவரிடம் 110 கே.வி. துணைமின்நிலையத்தை ஒப்படைக்க நானும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் செய்முறை வேண்டும் என்பதற்காகத் தியரியையும் சேர்த்துப் பூட்டிவைக்க வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் தொடங்கிய எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். படிப்பில் பாடம் இணையத்தில் நடக்கிறது, ஆய்வகத்துக்கு மட்டும் மாணவர் நேரில் வருகிறார். நமக்கோ ஆய்வகத்தைப் புதிதாகக் கட்டவே வேண்டாம். ரிலே, பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் குந்தாவிலும் பைக்காராவிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே அண்ணா பல்கலைக்கழகமும் மின்வாரியமும் ஏ.ஐ.சி.டி.இ.யும் ஒன்றாக உட்கார வேண்டும். இணையவழித் தியரி, நீலகிரி மின்நிலையங்களில் செய்முறை, ஊட்டியிலேயே தேர்வு மையம் என்று ஒரு எம்.இ. படிப்புக்கு ஒப்புதல் தர வேண்டும். தொடக்கத்தில் இருபது இடம் போதும். செய்முறையை மழை மாதங்களில் வைக்காதீர்கள். பதவி உயர்வுக்கு அந்தப் பட்டத்தை ஏற்பதாக அரசாணை வேண்டும். பாதியில் விட்டவர்கள் தேறிய தாள்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்; அந்தத் தம்பி முதல் செமஸ்டரில் எல்லாத் தாளிலும் தேறியவர்.