உப்பு நிலத்தில் உப்பு சாட்சி சொல்லாது

எண்ணெய் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. உப்பும் அங்கேதான். தண்ணீரும் வேளாண்மையும் மாநிலப் பட்டியலில் உள்ளன. காட்டுயிர்ப் பாதுகாப்பு பொதுப் பட்டியலில். மரக்காணத்தில் இவை எல்லாம் ஒரே சேற்றின் மேல் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உப்புப் பாத்திகள், அருகில் வந்து முடியும் பக்கிங்காம் கால்வாய், தென்மேற்கே கழுவெளி ஈரநிலம், அதைக் கடலோடு சேர்க்கும் கழிமுகம். ஓதம் ஏறினால் இவை ஒரே நீர். கோப்பில் மட்டும் நான்கு துறைகள்.

இந்தப் பிரிவினையின் விலையை 2018 முதல் பார்த்து வருகிறோம். திறந்தவெளி உரிமக் கொள்கையின் முதல் சுற்றில், அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. காவிரிப் படுகையில் வேதாந்தா நிறுவனத்துக்கு இரண்டு தொகுதிகள் கிடைத்தன. மரக்காணத்தில் தொடங்கிப் புதுச்சேரியைத் தாண்டிக் கடலூர் வரை நீளும் முதல் தொகுதியின் பரப்பு 1,794 சதுர கி.மீ.; அதில் பெரும்பகுதி கடல். இரண்டு தொகுதிகளிலும் சேர்த்து 274 கிணறுகளுக்கான சூழல் தாக்க ஆய்வு வரையறைகள் 2019இல் வழங்கப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் மரக்காணம் முதல் இராமேசுவரம் வரை மனிதச் சங்கிலி நின்றது. புதுச்சேரியின் அன்றைய முதல்வர் நாராயணசாமியும் வெளிப்படையாக எதிர்த்தார்.

2020இன் முதல் இரு மாதங்களில் இரண்டு முடிவுகள் வந்தன. ஜனவரி 16 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய், எரிவாயுத் தேடலை 'பி2' பிரிவுக்கு மாற்றியது. ஆய்வுக் கிணறு தோண்டச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டாம் என்றானது. பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதற்குள் வந்தன. மரக்காணம் இருக்கும் விழுப்புரம் வரவில்லை. வேளாண்மை மாநிலத்தின் கையில் இருப்பதால்தான் அப்படி ஒரு சட்டம் இயற்ற முடிந்தது. உப்பு விளைவிப்பது சட்டத்தின் கண்ணில் வேளாண்மை அல்ல. நெல் வயலுக்குக் கிடைத்த அரண் உப்பு வயலுக்குக் கிடைக்காமல் போனதற்கு அடிப்படை இதுதான்.

ஈரநில விதிகளும் உதவவில்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு, மேலாண்மை விதிகள், உப்பு உற்பத்திக்கென அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்குகின்றன. வலசை வரும் உள்ளான்களுக்கும் பூநாரைகளுக்கும் இந்த விலக்கு தெரியாது. கழுவெளியில் நீர் ஏறினால் அவை ஆழம் குறைந்த பாத்திகளுக்கு வருகின்றன. மாநிலத்துக்கு மிஞ்சியது பறவை என்ற ஒரே பிடி. 2021 டிசம்பரில் 5,151.60 ஹெக்டேர் பரப்புள்ள கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வரவேற்க வேண்டிய முடிவுகள். ஆனால் சரணாலயக் கோடு கழுவெளியைச் சுற்றி வருகிறதே தவிர, கழுவெளிக்கு வரும் நீரைச் சுற்றி வரவில்லை.

நீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை எண்ணூர் காட்டிவிட்டது. 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், தெற்கு நோக்கிச் சென்னைக் கடற்கரைகளில் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகவே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. கூழைக்கடாக்கள் கறுத்துப் போயின. அதே கால்வாயின் தென்கோடி மரக்காணம். எண்ணூர்க் கசிவு மரக்காணத்துக்கு வந்தது என்று நாம் சொல்லவில்லை. ஓதக் கால்வாயும் கழியும் எண்ணெய்க்கு எவ்வளவு எளிதான பாதை என்பதே இங்கே பாடம். உப்பளத்துக்கு இது இரட்டை ஆபத்து. கடல்நீர் உப்பாக உறையும் நிலைக்கு வருவதற்குள் அதன் கன அளவு ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. ஆவியாகிப் போகாத எந்த மாசும் அதற்கேற்பச் செறியும்.

இங்கேதான் நம் துறைக்குரிய கேள்வி எழுகிறது. எண்ணெய்க் கிணற்றிலிருந்து எண்ணெயோடு மேலே வரும் நீர் பெரும்பாலும் உவர்நீர். திருவாரூர் வயலில் அது கசிந்தால் மின்கடத்துதிறன் அளவி உடனே காட்டிக்கொடுக்கும், பயிரும் காட்டிக்கொடுக்கும். மரக்காணத்தில் நிலத்தடி நீரும் மேல்நீரும் மண்ணும் ஏற்கெனவே உவர்ப்பு. கரைந்த திண்மங்களின் அளவைக் காட்டி எந்தத் தீர்ப்பாயத்திலும் எதையும் நிறுவ முடியாது. 'முன்பே உப்புதானே' என்ற ஒரு வரியில் வழக்கு முடிந்துவிடும்.

குளோரைடு–புரோமைடு விகிதத்தை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். உப்பு உறைந்தபின் எஞ்சும் நீரில் புரோமைடு செறிந்திருக்கும். பாத்திகளிலிருந்து அது ஊறி இறங்கும் இடங்களில் விகிதம் தானாகவே மாறும். பேரியம் இதைவிட நல்ல துப்பு. சல்ஃபேட் மிகுந்த கடல்நீரில் பேரியம் கரைந்து நிற்காது. சல்ஃபேட் குறைந்த எண்ணெய்ப் படுகை நீரில் நிற்கும். ஆனால் அந்த நீர் பாத்தி நீரோடு கலந்த உடனே பேரியம் சல்ஃபேட்டாகப் படிந்துவிடும். ஆகவே அதை நீரில் தேடுவதைவிட வண்டலில் தேட வேண்டும். துளையிடும் சேற்றிலும் பேரைட் சேர்க்கப்படுவதால், வண்டல் பேரியத்தோடு ரேடியம், ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு, பலவளைய ஹைட்ரோகார்பன்கள் ஆகியவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும். இவை எவற்றுக்கும், துளை விழும் முன் எடுத்த அளவு இல்லாவிட்டால் பொருளில்லை.

அந்த முன்னளவை எடுக்க இன்றைய நடைமுறை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. தேடல் கட்டத்தில் மதிப்பீட்டு அறிக்கையே கிடையாது. உற்பத்திக் கட்டத்தில் அறிக்கை வரும்போது ஆய்வுக் கிணறுகள் தோண்டி முடிந்திருக்கும். அவை விட்டுச் சென்றதும் 'அடிநிலை'யில் ஓர் எண்ணாகச் சேர்ந்துவிடும். அந்த அறிக்கைக்கும் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத் தரவு போதும் என்பதே வழக்கம். மரக்காணத்தில் மழைக்காலத்தை விட்டால் மிஞ்சுவது உப்பு வாரும் காலம். கழுவெளி நிரம்புவதும், வலசைப் பறவைகள் இறங்குவதும், ஏரிகளின் உபரி நீர் கழிக்கு வருவதும் வடகிழக்குப் பருவத்தில். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. மரக்காணத்துப் பாத்திகள் மூழ்கின. துளையிடும் கழிவைத் தேக்கும் குழியின் கரை உயரத்தைக் கோடைத் தரவை வைத்து முடிவு செய்பவர் அந்த நாளைக் கணக்கில் கொண்டாரா?

கிணறு சரணாலய எல்லைக்கு வெளியே இருந்தால் ஈரநிலம் தப்பிக்கும் என்ற நம்பிக்கை அசாமில் பொய்த்தது. 2020 மே 27 அன்று பாக்ஜானில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் கிணறு வெடித்தது. ஜூன் 9இல் தீப்பிடித்து இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தனர். நவம்பரில்தான் அதை அடைக்க முடிந்தது. பக்கத்திலிருந்த மகுரி ஏரியும் திப்ரு-சைக்கோவா தேசியப் பூங்காவின் விளிம்பும் அதன் பாதிப்பைச் சுமந்தன. 1991 வளைகுடாப் போரின்போது கொட்டிய எண்ணெய், சவூதி அரேபியாவின் உவர்ச் சதுப்புகளில் நண்டு வளைகள் வழியே ஆழத்துக்கு இறங்கியது. பத்தாண்டுகள் கழித்தும் அது மண்ணுக்குள் கிடந்ததைக் கள ஆய்வுகள் கண்டன. நண்டு வளைகளால் துளைபட்ட ஓதச் சேறு நம் கரையிலும் உண்டு.

மறுதரப்பின் வாதம் லேசானதல்ல. நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. காவிரிப் படுகையில் பல பத்தாண்டுகளாக எண்ணெய் எடுக்கப்பட்டும் வருகிறது. எங்குமே தோண்டக் கூடாது என்பது இவ்விதழின் நிலைப்பாடல்ல. ஆனால் அரசியல் அறிவிப்பை மட்டும் நம்பி நாம் கைகட்டி இருக்கவும் முடியாது. இராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு மாநில அளவிலான சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே அனுமதி அளித்தது 2025 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. எழுந்த எதிர்ப்புக்குப் பின் அதைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு கூறியது. மேடையில் ஒரு முடிவும் கோப்பில் வேறொரு முடிவும் இருக்கும் நிலையில், நடுவில் நிற்க வேண்டியது தரவு.

மூன்று வேலைகள் நம் கையில் உள்ளன. ஒன்று, மரக்காணம் பாத்திகள், பக்கிங்காம் கால்வாய், கழுவெளி, கழிமுகம் ஆகிய நான்கையும் ஒரே நீர் அலகாகக் கொண்டு, நான்கு பருவங்களுக்கும் வண்டல், நிலத்தடி நீர், பறவைக் கணக்கு அடங்கிய அடிநிலைத் தொகுப்பைப் பல்கலைக்கழகத் துறைகளும் வனத்துறையும் சேர்ந்து இப்போதே தொடங்க வேண்டும். எந்த விண்ணப்பத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு, மதிப்பீட்டு நிபுணர் குழுக்களில் இருப்பவர்கள், இக்கரைக்கு மழைக்காலத் தரவு இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆலோசனை நிறுவனங்களில் இருப்பவர்கள் அத்தகைய அறிக்கையில் கையெழுத்திட மறுக்க வேண்டும். மூன்று, பாத்தி நீரின் நிறமும் நுரையும் மாறுவதை முதலில் காண்பவர்கள் உப்பளத் தொழிலாளரும் கழியில் இறால் பிடிப்போரும். அவர்கள் நாளும் இடமும் குறித்துப் பதிவு செய்ய எளிய ஏட்டு முறையை உருவாக்கித் தர வேண்டும். அப்பதிவு நீதிமன்றத்தில் நிற்கும் அளவுக்கு மாதிரி எடுக்கும் பயிற்சியும் தர வேண்டும்.

எதிர்மறை முடிவுகள் உட்பட இத்தகைய அடிநிலைத் தரவுகளை முழுமையாக வெளியிட இவ்விதழ் இடம் ஒதுக்கும். ஆய்வுக் கட்டுரையாக எழுதி முடியும்வரை காத்திராமல், அட்டவணையாகவே அனுப்புங்கள். முதல் கிணற்றின் தேதிக்கு முந்தைய தேதி அதில் இருப்பதுதான் முக்கியம்.