சம ஊதியத் தீர்ப்பும் பதவி உயர்வில்லாப் பணியும்

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு வரும் நோயாளியின் எலும்பு முறிவை மருத்துவர் உறுதிசெய்வது, நுண்கதிர்வீச்சாளர் எடுக்கும் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுதான். இப்படிப்பை முடிக்கும் தலித் மாணவரின் ஊதியத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிப்பது, அவர் எந்த வழியில் பணிக்குள் நுழைகிறார் என்பதே.

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரந்தரப் பணியிடத்தை நிரப்பினால் இனச்சுழற்சி பொருந்தும்: பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு (அதனுள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. காலமுறை ஊதியமும் பணிமூப்பும் உண்டு. அதே வேலை வெளிமுகமைக்குக் கைமாறினால், ஆளைத் தேர்பவர் ஒப்பந்ததாரர், தொகுப்பூதியமே மிஞ்சும்.

பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் 2016இல் உச்சநீதிமன்றம், நிரந்தரப் பணியாளரின் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அப்பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் தொடக்க நிலை ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்றது. முக்கியமான தீர்ப்பு, ஆயினும் அது தருவது தொடக்க நிலை மட்டுமே. பத்தாண்டு உழைத்தவரும் அங்கேயே நிற்பார். பதவி உயர்வுக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் வேண்டும்.

2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் கல்வித் தரத்தையும் பதிவையும் ஒழுங்குபடுத்துகிறது. ஊதிய விகிதத்தை வகுக்கவில்லை. ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிடமும் நாம் மூன்றைக் கேட்போம்: அனுமதிக்கப்பட்ட நுண்கதிர்வீச்சாளர் பணியிடங்கள் எத்தனை, காலியானவை எத்தனை, இனச்சுழற்சிப் பதிவேடு எங்கே? இவ்விடைகளே வழக்கின் முதல் ஆவணங்கள்.