கோளும் அல்ல, கொழுப்பும் அல்ல!

கோடை விடுமுறை முடியப்போகிறது. ஜூன் திங்களில் பள்ளிக் கதவுகள் திறக்கும். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் நெடுஞ்சாலையோரம் 1980-களில் எழுந்த சிப்காட் தொழிற்பேட்டையிலே, மருந்தும் சாயமும் இரசாயனமும் ஆக்கும் ஆலைகளில் உழைக்கும் தொழிலாளி, தன் ஊதியத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குப் புத்தகப்பை வாங்கிவிடுவான். ஆயினும் குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் செம்மங்குப்பத்திலும், ஏன், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், சில வீடுகளில் அந்த மகிழ்ச்சியோடு கலக்கமும் குடியேறும். "இந்த ஆண்டாவது ஒழுங்காக உட்காருவானா? இந்த ஆசிரியராவது பொறுத்துக்கொள்வாரா? மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடுவார்களோ?" இது தாயின் கலக்கம்.

யார் அந்தப் பிள்ளை? ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாதவன். கேள்வி முடியுமுன் விடை சொல்பவன். தொடங்கிய கணக்கைப் பாதியில் விட்டுவிட்டுச் சன்னலோரத்துக் காக்கையைப் பார்க்கப் போகிறவன். நாள் தவறாமல் பென்சிலைத் தொலைப்பவன். அல்லது, எவருக்கும் தொல்லை தராமல் கடைசி வரிசையிலே கனவில் ஆழ்ந்திருக்கும் சிறுமி. தொல்லை தராத காரணத்தாலேயே எவர் கண்ணிலும் படாதவள்.

இப்பிள்ளைகளுக்கென நம் நாட்டில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கின்றன. ஒன்று சோதிடர் தீர்ப்பு: "கோள் சரியில்லை, பரிகாரம் செய், தாயத்துக் கட்டு." மற்றொன்று திண்ணைத் தீர்ப்பு: "எல்லாம் கொழுப்பு; நாலு போடு போட்டால் அடங்கிவிடுவான்." முன்னது பணத்தைப் பறிக்கிறது, பின்னது முதுகைப் புண்ணாக்குகிறது. பிள்ளையின் மூளையைப் பற்றி இரண்டும் ஒரு கணமேனும் எண்ணியதுண்டா?

அறிவியல் எண்ணியது. 1902-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவிலே குறைவின்றியும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றி மருத்துவர் அவையிலே விரிவுரையாற்றினார். 1937-இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி, மருந்து கொடுத்தபின் இத்தகைய பிள்ளைகளில் பலருடைய படிப்பு முன்னேறியதைக் கண்டு எழுதினார். இன்று மருத்துவ உலகம் இதனை ஏ.டி.எச்.டி. என்கிறது, கவனக்குறைவும் மிகை இயக்கமும் கொண்ட குறைபாடு என்று நாம் கூறலாம். உலகெங்கும் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குழந்தைகளுக்கு இது உண்டு. 40 பேர் அமர்ந்த வகுப்பில் இருவர்! மரபுவழிப் பங்கு இதில் மிகுதி. கவனத்தை நிறுத்தவும் உந்துதலை அடக்கவும் உதவும் மூளைப் பகுதிகள் முதிர்ச்சியடையத் தாமதமாகிறது. சனியின் பார்வைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

"ஆலைப் புகைதான் காரணமோ?" என்று சிப்காட் பகுதியிலே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஈயம் போன்ற நஞ்சு குழந்தையின் கவனத்தைக் கெடுக்கும் என்பது ஆய்ந்தறிந்த உண்மை. காற்றையும் நீரையும் காப்பது ஆலையின் கடமை, அரசின் கடமை. ஆனால், அளந்து பாராமல், ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டி இவனுக்கு இதனால்தான் வந்தது என்று அறுதியிட்டால், அதுவும் சோதிடமே!

தொழிற்பேட்டைத் தோழனே, உன்னைக் கேட்கிறேன். கொதிகலனில் அழுத்தம் ஏறினால் பிரம்பெடுத்து அடிக்கிறாயா? எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டுச் சும்மா இருக்கிறாயா? அழுத்தமானியைப் பார்க்கிறாய், வால்வைத் திறக்கிறாய். பராமரிப்புக்காக நிறுத்திய ஆலையை மீண்டும் ஓட்டுமுன், ஒவ்வொரு பகுதியாகச் சோதிக்கிறாய். இரும்புக்குக் காட்டும் அறிவைப் பெற்ற பிள்ளைக்குக் காட்டலாகாதா?

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதே, உறங்கும் நேரத்தையும் விழிக்கும் நேரத்தையும் சிறிது சிறிதாக முன்னே நகர்த்து. பல் துலக்கல், குளியல், உணவு, பை என்று காலை வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டு. இரவு ஷிப்டு வரும் வாரத்தில் அவனை எழுப்புவது யார் என்பதையும் அங்கேயே எழுது. உன் ஷிப்டு மாறலாம், அவன் நாள்முறை மாறலாகாது. ஐந்து கட்டளைகளை ஒரே மூச்சில் அடுக்காமல், ஒவ்வொன்றாகச் சொல். செய்தவுடன் பாராட்டு, ஆண்டு முடிவில் வாங்கித் தருவதாகச் சொல்லும் மிதிவண்டியைவிட, அந்த நொடியில் கிடைக்கும் நற்சொல் அவனுக்குப் பெரிது. புதிய வகுப்பறையை முன்னதாகவே ஒருமுறை காட்டி, ஆசிரியரிடம் அவன் இயல்பைச் சொல்லி வா. மருத்துவர் மருந்து தந்திருந்தால், அவரைக் கேளாமல் நிறுத்தாதே, கூட்டாதே. இதுவரை எவரிடமும் காட்டவில்லையா? கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை கிடைக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே! சன்னலுக்குத் தொலைவாக, முன்வரிசையில் இடம் கொடுங்கள். நீண்ட பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுங்கள். நெளியத் தொடங்கினால் கரும்பலகையைத் துடைக்க அழையுங்கள். தண்டனையாக அல்ல, பொறுப்பாக. "கூட்டம் நிறைந்த வகுப்பில் எங்ஙனம் இயலும்?" என்பீர்கள். நியாயமே. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. அதை நிறைவேற்றக் கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது 16-ஆம் பிரிவு. பெற்றோரை மிரட்டி மாற்றுச் சான்றிதழ் கேட்க வைப்பது வெளியேற்றம் அல்லாமல் வேறென்ன?

அரசையும் கேட்போம். பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள சிறாரைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய நாட்டளவிலான நலத்திட்டம், தேடிக் கண்டறிய வேண்டிய குறைகளில் இதனையும் சேர்த்தது. ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அடுக்கிய 21 குறைபாடுகளில் இதன் பெயர் இல்லை! கற்றல் குறைபாடு உண்டு, புற உலகச் சிந்தனையின்மை உண்டு, இது இல்லை. ஒரு கையால் கண்டறிகிறார்கள். மறு கையால் கதவைச் சாத்துகிறார்கள். கண்டறியப்பட்ட பிள்ளை, தன் குறையின் பெயராலே சான்றும் சலுகையும் கேட்க இடமில்லை. பட்டியல் திருந்த வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் படிப்பகத்திலே இந்த விடுமுறை முடிவதற்குள் பெற்றோர் கூட்டம் ஒன்று நடத்துங்கள். மருத்துவர் ஒருவரை அழையுங்கள். சட்டப் பிரிவுகளைத் தட்டியிலே எழுதி வையுங்கள். வெளியேற்றப்பட்ட பிள்ளை இருந்தால், அவன் தாயோடு நீங்களும் பள்ளிக்குச் செல்லுங்கள். முதல் மணி அடிக்குமுன் பிள்ளையின் அரையிலிருந்து தாயத்து அவிழட்டும். ஆசிரியர் கையிலிருந்து பிரம்பு விழட்டும்!